திருத்துவது யார்?

பிரிட்டனில் பார்மசிஸ்டாகப் பதிவு வாங்கிய நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக்கடன் வட்டி எல்லாம் பேசி முடித்ததும் பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "நீங்க பெர்மனென்டா, லோக்கமா?" ஒரே கடையில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர் பெர்மனென்ட். வழக்கமான பார்மசிஸ்ட் விடுப்பில் போகிற நாளில், அல்லது ஆளே கிடைக்காத கடையில், நாள் கணக்கில் ஒப்புக்கொண்டு போய் நின்று, மணிக்கு இவ்வளவு என்று பில் அனுப்பிக் காசு வாங்குபவர் லோக்கம். நான் முதலில் பெர்மனென்டாக இருந்தேன், பிறகு பல ஆண்டுகள் லோக்கம் செய்தேன். இப்போது மறுபடி பெர்மனென்டுக்குத் திரும்ப முடிவெடுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் பணத்தை மனதில் வைத்தே கேட்டார்கள். என்னுடைய காரணம் பணம் இல்லை. ஆனால் பணத்தைப் பேசாமல் இந்தக் கேள்வியைத் தாண்டவும் முடியாது என்பதால் முதலில் அதைப் பேசி முடித்துவிடுகிறேன்.

ஒரு பேச்சுக்கு, பெர்மனென்ட் சம்பளம் மணிக்கு 24 பவுண்டு, லோக்கம் 28 பவுண்டு, இருவருக்கும் வாரம் 40 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். பெர்மனென்ட் ஆளுக்கு 52 வாரமும் சம்பளம் உண்டு. பொது விடுமுறைகளையும் சேர்த்து 5.6 வாரம், அதாவது 28 நாள், சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆக ஆண்டுக்கு 49,920 பவுண்டு. அதற்கு மேல் முதலாளி ஓய்வூதியக் கணக்கில் குறைந்தது 3 சதவீதம் போட வேண்டும். இந்தச் சம்பளத்துக்கு அது ஏறத்தாழ 1,300 பவுண்டு வரும். லோக்கம் செய்பவர் அதே 5.6 வாரம் ஓய்வெடுத்தால் மீதி 46.4 வாரம்தான் கூலி. கணக்குப் போட்டால் 51,968 பவுண்டு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அதில் 1,120 போய்விடும். தொழில் காப்பீடு, கணக்காளர் கட்டணம், கடைசி நேரத்தில் ரத்தாகும் நாட்கள் இவையும் உண்டு. மணிக்கு 4 பவுண்டு கூடுதல் என்று கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஆண்டுக் கடைசியில் காணாமல் போகிறது. இதை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். பதிவு வாங்கிய கையோடு லோக்கத்தில் இறங்கிய ஒரு தம்பி, முதல் ஜனவரி 31 அன்று போன ஆண்டு வரியோடு அதில் பாதியை அடுத்த ஆண்டுக்கு முன்பணமாகவும் கட்டச் சொன்னதும் ஊரிலிருந்து பணம் வரவழைத்தான்.

லோக்கம் கூலி ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. 2000க்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் புதிதாகப் பார்மசி படிப்பைத் தொடங்கின. படித்து வந்தவர்கள் பெருகியதும் மணிக்கூலி சரிந்தது. 2019க்குப் பிறகு டாக்டர் கிளினிக்குகளே அரசு நிதியில் பார்மசிஸ்டுகளை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தன. கடைகளில் ஆள் குறைந்தது, கூலி ஏறியது. இன்றைய கூலியை வைத்து அடுத்த பத்து ஆண்டுக்குத் திட்டம் போடுவது சரிவராது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் இந்தத் தேர்வு கிடையாது. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்துவிட்டு வருபவர் ஓராண்டு ஆஸ்பாப் படிப்பு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, அதன்பின் பதிவுத் தேர்வு எல்லாம் முடித்தாலும், முதலாளி ஸ்பான்சர் செய்த விசாவில் இருக்கும்வரை முக்கிய வேலையை அந்த முதலாளியிடம்தான் பார்க்க வேண்டும். சுயதொழிலாக லோக்கம் போக அந்த விசா இடம் தராது. நிரந்தர வசிப்புரிமைக் கடிதம் கைக்கு வரும்வரை கடையில் என்ன நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் நம் பிள்ளைகள் பலர். அந்தக் கடிதம் வந்த வாரமே வேலையை விட்டுவிட்டு லோக்கத்துக்குப் போவதும் அதனால்தான். அது அடக்கிவைத்த மூச்சை விடுவது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னை இத்தனை நாள் யோசிக்கவைத்தது பொறுப்பு. நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகள் பலவற்றில் டி.பார்ம் படித்த ஒருவரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும். ஆள் வேறெங்கோ இருப்பார், மாதம் ஒரு தொகை அவருக்குப் போய்ச் சேரும். 1948 பார்மசி சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை, ஆனாலும் நடக்கிறது. இங்கே 2009 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, கடை திறந்திருக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பொறுப்பு மருந்தாளுநர் இருக்க வேண்டும். அவர் பெயரும் பதிவு எண்ணும் வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும். எத்தனை மணிக்குப் பொறுப்பேற்றார், எத்தனை மணிக்கு விட்டார் என்பது பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் கடையை விட்டு விலகியிருக்க முடியாது. அந்தப் பலகையில் என் பெயரை மாட்டிய நிமிடத்திலிருந்து கடையின் நல்லது கெட்டது என் தலையில். பத்தாண்டு அங்கேயே இருப்பவரா, அன்று காலைதான் வாசலை மிதித்தவரா என்று சட்டம் பார்ப்பதில்லை.

பிரிட்டிஷ் பார்மசிஸ்டுகள் யாரும் மறக்காத வழக்கு ஒன்று இருக்கிறது. 2007இல் ஒரு லோக்கம் பார்மசிஸ்ட் பிரெட்னிசோலோன் கொடுக்க வேண்டிய இடத்தில் புரோப்ரனோலோல் போய்விட்டது. பெயர்களும் ஒன்றுபோல, பல கடைகளில் அலமாரியிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். 2009இல் அவருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தார்கள். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கி 300 பவுண்டு அபராதமாக்கியது. கவனக்குறைவில் நேர்ந்த பிழையைத் தானே முன்வந்து சொல்லும் பார்மசிஸ்டைக் குற்றவாளியாக்காமல் காக்க 2018இல்தான் சட்டம் வந்தது. அந்த வழக்கைப் படித்தபோது என் மனதில் நின்றது தண்டனையைவிட அந்த அலமாரி. அந்த இரண்டு மருந்துகளையும் தள்ளித் தள்ளி வைக்கும் அதிகாரம் லோக்கமாக வந்த ஒருவருக்கு எங்கே இருக்கிறது? அடுக்கினவர் வேறு ஒருவர், அடுக்கின முறையை அங்கீகரித்தவர் இன்னொருவர். பொறுப்பு மட்டும் அன்றைக்கு வந்தவருடையது.

லோக்கம் நாளின் காலை எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் இது புரியும். எட்டே முக்காலுக்கு ஷட்டர் முன்னால் நிற்பேன். சாவி வைத்திருக்கும் கவுண்டர் பெண் வந்து திறப்பாள். பெயர்ப்பலகையை மாட்டி, கம்ப்யூட்டரில் பொறுப்பேற்றதைப் பதிந்து, கட்டுப்பாட்டு மருந்து அலமாரியின் சாவியைத் தேடுவேன். ஒவ்வொரு கடையிலும் அது ஒவ்வொரு இடம். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்ததும் முதலில் வருபவர் பெரும்பாலும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையாக மெத்தடோன் வாங்குபவர். என் முன்னால் நின்று குடித்துவிட்டுப் போக வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வராமல் இருந்தவர் என்றால் கொடுக்கக் கூடாது. உடல் அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும், பழைய அளவே ஆளைக் கொன்றுவிடும். அவர் நேற்று வந்தாரா, முந்தாநாள் வந்தாரா? பதிவேட்டைப் புரட்டுகிறேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் காலை மாற்றி மாற்றி நிற்கிறார். வழக்கமான பார்மசிஸ்ட் என்றால் முகத்தைப் பார்த்ததும் அளந்து வைத்திருப்பார். என்னிடம் அவர் பெயரையும் பிறந்த தேதியையும் முகவரியையும் சொல்ல வேண்டும், பின்னால் வரிசையில் நிற்பவர்களின் காதில் விழ. ஒவ்வொரு கடையிலும் இந்த இடத்தில் எனக்குச் சங்கடமாக இருக்கும். கேட்காமல் கொடுக்கவும் முடியாது.

ஆனாலும் லோக்கம் எனக்குத் தந்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது சனிக்கிழமைகளை மட்டும் வாங்கிக்கொண்டு, வார நாட்களில் பள்ளி வாசலில் நிற்க முடிந்தது. ஈஸ்ட் ஹாமிலிருந்து கென்ட் கடற்கரை வரை எத்தனை விதமான கடைகள், எத்தனை விதமான ஏழ்மை, எத்தனை விதமான மருந்துச் சீட்டுகள் என்று பார்க்கக் கிடைத்தது. எல்லாவற்றையும்விட, "முடியாது" என்று சொல்லும் தெம்பு கிடைத்தது.

இந்தத் தெம்பைச் சிலர் சோம்பல் என்று நினைக்கிறார்கள். 2005லிருந்து 2021 வரை இங்கிலாந்தில் மருந்துப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒரு சேவை இருந்தது. நோயாளியைத் தனியறையில் உட்காரவைத்து, என்னென்ன மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டுப் பேச வேண்டும்; கடைக்கு ஒன்றுக்கு 28 பவுண்டு, ஆண்டுக்கு 400 வரை. நல்ல நோக்கத்தில் வந்த சேவைதான். நான் சம்பளத்துக்கு இருந்த இடத்தில் அந்த 400 என்ற உச்சவரம்பு இலக்காக மாறியது. இன்று எத்தனை முடித்தாய் என்று மதியம் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். மாத்திரை சரிபார்க்கவே ஆள் போதாத நாளில், தேவையே இல்லாத ஒருவரை அறைக்குள் அழைத்துப்போய்ப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முடியாது என்று சொன்ன பெர்மனென்ட் ஆளுக்கு ஆண்டு மதிப்பீட்டில் அது எழுதப்பட்டது. அதே சொல்லை லோக்கம் சொன்னால் அன்றோடு முடிந்தது. மிஞ்சிப்போனால் அந்தக் கடை மறுபடி கூப்பிடாது. உதவியாளர் இருவரும் வராத ஒரு நாளில், நாள், வேளை வாரியாக மாத்திரை பிரித்துவைக்கும் டோசெட் பெட்டிகளை இன்று நிரப்ப மாட்டேன், அவசரச் சீட்டுகளை மட்டும்தான் பார்ப்பேன் என்று ஏரியா மேனேஜரிடம் சொல்லிவிட்டு அப்படியே செய்தேன். விசாவில் இருந்த காலத்தில் அந்த வாக்கியம் என் தொண்டையைத் தாண்டி வந்திருக்காது.

லோக்கத்தின் இன்னொரு நன்மை புதுக் கண். மாதாமாதம் வரும் அதே சீட்டை அதே ஆள் பார்த்துக்கொண்டே இருந்தால், அதில் இருப்பது கண்ணில் படாமல் போய்விடும். லண்டனுக்கு வெளியே, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் முப்பது வருடமாக நடத்திவந்த சிறிய கடைக்கு ஒரு நாள் போனேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரரின் மாதச் சீட்டு கூடையில் வந்தது. சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், கூடவே அம்லோடிபின். அம்லோடிபின் எடுப்பவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20க்கு மேல் போகக் கூடாது, தசை சிதையும் அபாயம் கூடும் என்று 2012இலேயே மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்எச்ஆர்ஏ சொல்லியிருக்கிறது. அவரிடம் கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இந்த வயதில் வலிக்காத கால் உண்டா என்றார். கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டர் நோயாளிகளோடு இருக்கிறார், சொல்லிவிடுகிறேன் என்றார் வரவேற்பில் இருந்தவர். விவரத்தை ஒரு சிறு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் எனக்கு லூட்டனில் வேலை.

சில வாரம் கழித்து அதே கடைக்குக் கூப்பிட்டார்கள். தாள் ஒட்டின இடத்திலேயே இருந்தது. கூடையில் அதே பெயர், அதே 40. நடுவில் அந்தக் கடையில் வெவ்வேறு லோக்கம்கள் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தாளைப் படித்திருப்பார்கள், ஏற்கெனவே சொல்லியாயிற்று போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அன்று உரிமையாளரும் கடையில் இருந்தார். தாளைக் காட்டி, கொஞ்சம் சூடாகவே, "அண்ணா, போன மாசமே எழுதி வச்சிட்டுப் போனேனே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நாள் வந்து பிழையைச் சொல்லிப்போட்டுப் போறீர் பிள்ளை. நீர் சொல்லுறது சரிதான். திருத்திறது ஆர்?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அப்போதே டாக்டரின் நேரடி எண்ணுக்குப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசி, அந்த மருந்தை அடோர்வாஸ்டாட்டினாக மாற்றி எழுதவைத்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த நேரடி எண் என்னிடம் இல்லை, எந்த லோக்கத்திடமும் இருக்காது. முப்பது வருடம் ஒரே தெருவில் இருந்ததால் அவருக்குக் கிடைத்தது அது. எனக்கு இருந்த புதுக் கண் அவருக்கு இல்லை. அவருக்கு இருந்த தொலைபேசி எண் எனக்கு இல்லை. அந்த முதியவருக்கு இரண்டும் தேவைப்பட்டது.

அவர் கேட்ட கேள்வியை அன்றைக்கு வண்டியில் கொண்டுவந்தவள் இன்றுவரை இறக்கிவைக்கவில்லை. லோக்கத்துக்கு மறுக்க முடியும். பெர்மனென்டுக்குத் திருத்த முடியும். இரண்டும் நோயாளியைக் காக்கும் செயல்தான், ஆனால் இரண்டுக்கும் வேண்டிய மனநிலை வேறு. மறுக்கத் துணிச்சல் வேண்டும். அது ஒரு நிமிடத்து வேலை. திருத்துவதற்கு ஒரே ஆளிடம் ஒரே விஷயத்தைப் பத்து முறை சொல்ல வேண்டும், பதினோராவது முறை அதே குரலில் சொல்ல வேண்டும். எனக்கு முப்பது வயதில் அந்தப் பொறுமை கிடையாது. இப்போது இருக்கிறது என்று நம்புகிறேன்.

திருத்துவது என்று நான் சொல்வது பெரிய புரட்சி எதுவும் இல்லை. சம்பளத்துக்கு இருந்த காலத்தில் ஒரு பாட்டிக்கு வாராவாரம் டோசெட் பெட்டி போகும். பழைய பெட்டியை மகள் திருப்பிக் கொண்டுவருவார். அதில் இரவுக் குழிகள் சிலவற்றில் மாத்திரை அப்படியே இருக்கும். ஒரு பெட்டியைப் பார்த்தால் மறதி என்றுதான் தோன்றும். அடுத்தடுத்துப் பார்த்தபோது விட்டுப்போனவை எப்போதும் செவ்வாயும் வெள்ளியும். மகளிடம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் வேறொரு கவனிப்பாளர் வருகிறார், நாலு மணிக்கே வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார், இரவு மாத்திரையை நாலு மணிக்குக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. பாட்டிக்கு மறதியே இல்லை. கிளினிக்கோடு பேசி, அந்த மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றினோம். ஒரே ஒரு நாள் நிற்கும் எவர் கண்ணுக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையில் இருப்பது ஒரு பெட்டிதான்.

இப்போது கடைகளில் இந்த மாதிரி வேலை கூடிக்கொண்டும் வருகிறது. 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் பார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தில் தொண்டை வலி, காது வலி, சைனஸ், அக்கி, பெண்களின் சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று முதலான ஏழு நோய்களுக்கு நாங்களே பார்த்து மருந்து கொடுக்கிறோம். ஒரே பெண் இரண்டே மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று என்று வந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் பதிவு இருக்கும், உண்மை. "போன வாரம்கூட இவங்க முகம் சரியில்லையே" என்ற குறிப்பு கம்ப்யூட்டரில் இருக்காது.

பெர்மனென்ட் என்ற பேரிலேயே நிரந்தரம் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. 2023 ஜனவரியில் லாய்ட்ஸ் பார்மசி, சைன்ஸ்பரி சூப்பர்மார்க்கெட்டுகளுக்குள் இருந்த தன் 237 கிளைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. மற்ற கிளைகளையும் அடுத்தடுத்து விற்றுவிட்டது, அந்தப் பெயரே தெருவிலிருந்து போய்விட்டது. பல ஆண்டு வேலை பார்த்தவர்கள் ஒரே அறிவிப்பில் வேறு இடம் தேடினார்கள். சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு இரண்டு ஆண்டு தொடர்ந்து இருந்தவர்களுக்குத்தான். என் அப்பா கால் காசு என்றாலும் கவர்மென்ட் காசு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். நான் முதல் முறை வேலையை விட்டு லோக்கத்துக்குப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரும்மா உன்னை வேலையை விட்டு எடுத்தாங்க?" என்றார். தானாக விடுவார்கள் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. அவர் காலத்து நிரந்தரம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க முடியாமல் போயிற்று.

ஆனால் பெர்மனென்டுக்கு ஒன்று சாத்தியம், அதை நம்மவர்கள் போதிய அளவு நினைப்பதில்லை. சேர்ந்து நிற்பது. 2019இல் பூட்ஸ் நிறுவனத்தின் பார்மசிஸ்டுகள் வாக்களித்து, தங்களுக்காகப் பேச பி.டி.ஏ. தொழிற்சங்கத்தை அங்கீகரிக்கவைத்தார்கள். பல ஆண்டுச் சட்டப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது அது. அந்த வாக்குரிமை சம்பளத்துக்கு இருந்தவர்களுக்கு. அதே கடைகளில் நாள் கூலிக்கு நின்றவர்களுக்கு இல்லை. தனி ஆளாக மறுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்களால் ஆள் பற்றாக்குறையை மாற்ற முடியாது. இருந்து, பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு கேட்பவர்களால் ஒருவேளை முடியும்.

புதிதாகப் பதிவு வாங்கும் தம்பி தங்கைகள் கேட்டால் நான் தயங்காமல் சொல்வது இது: முதல் இரண்டு ஆண்டு ஒரே கடையில் இருங்கள். கிடைக்கும் கூலியைப் பார்த்து முதல் மாதமே லோக்கத்தில் இறங்கினால், சந்தேகம் வரும்போது திரும்பிப் பார்க்கப் பின்னால் ஒரு மூத்தவர் இருக்க மாட்டார். அறிமுகமில்லாத கடையில், அறிமுகமில்லாத உதவியாளர்களோடு, தன் பெயரைப் பலகையில் மாட்டிக்கொண்டு நிற்பது பழகாத ஆளுக்கான வேலை இல்லை. அதன் பிறகு லோக்கம் போங்கள், கட்டாயம் போங்கள். எத்தனை விதமாக ஒரு கடையை நடத்தலாம், எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்பதை வேறு எந்தப் படிப்பும் இப்படிக் கற்றுத் தராது. பிள்ளைப்பேற்றை நினைத்திருக்கும் பெண்கள் மட்டும் மகப்பேற்றுச் சம்பளத்தையும் கணக்கில் வையுங்கள். சம்பளத்துக்கு இருந்தால் முதல் ஆறு வாரம் 90 சதவீதம் வரும், சுயதொழில் செய்பவருக்கு முதல் வாரத்திலிருந்தே ஒரே சிறு தொகைதான்.

நான் சேரப்போவது பெரிய சங்கிலிக் கடை இல்லை. வாரம் நான்கு நாள், ஒரு சிறிய கடை. சேருவதற்கு முன் நான் கேட்டது இரண்டுதான். டிஸ்பென்சரியில் எப்போதும் இன்னொரு பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும், அலமாரியை நான் நினைத்தபடி மாற்றி அடுக்க விட வேண்டும். சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இரண்டையும் கடிதத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். ஐந்தாவது நாளை லோக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். புதுக் கண் மங்கிவிடக் கூடாது என்பதற்காக மாதம் ஒன்றிரண்டு மட்டும் போவேன்.

இதைப் படிக்கும் கடை உரிமையாளர்களிடமும் வழக்கமான பார்மசிஸ்டுகளிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் விடுப்பில் போகும் நாளுக்கு முன்பு ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மெத்தடோன் வாங்குபவர்களில் யார் எத்தனை நாள் வரவில்லை, எந்தக் கிளினிக்கிடமிருந்து என்ன பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள், டாக்டரை நேராகப் பிடிக்க எந்த எண், சாவி எங்கே. வருகிற லோக்கமும் திரையில் தாளை ஒட்டாமல் அதே நோட்டில் தேதி போட்டு, தன் போன் நம்பரோடு எழுதட்டும். எழுதியதைப் படித்து, முடித்த பிறகு யார் முடித்தது என்று கையெழுத்துப் போடுங்கள். செப்டம்பரிலிருந்து நான் நிற்கும் கடையில் அப்படி ஒரு நோட்டு இருக்கும். உங்கள் கடைக்கும் ஒன்று வாங்குங்கள்.